பழைய பவர் டில்லர் பழுதாக வந்தால்...

வெளிமாநில வியாபாரியிடம் செல்போனில் படம் பார்த்து வாங்கிய பழைய பவர் டில்லர், வயலில் இறக்கியதுமே கரும்புகை தள்ளுகிறதா? நடவு நெருங்குகிறதே என்று உடனே இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்று விற்றவர் கைவிரிப்பார். இன்ஜின் எண்ணும் பழுதும் தெரியும்படி வீடியோ எடுங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். குறையை எழுதி, கெடு வைத்துப் பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் விவசாயியும் நுகர்வோர்தான். ரூ.5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.