பழைய வண்டிக்குப் புதிய கால்கள்

விருத்தாசலம் என்னும் வடமொழிப் பெயருக்கும் திருமுதுகுன்றம் என்னும் தமிழ்ப் பெயருக்கும் பொருள் ஒன்றுதான்: பழைய மலை. பழமலைநாதர் கோயில் கொண்டிருக்கும் அவ்வூர் இக்காலத்தில் வேறொரு காரணத்துக்காகவும் பெயர் பெற்றிருக்கிறது. கோப்பை, பொம்மை, மின்சாரக் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் முதலிய பீங்கான் சாமான்கள் அங்கே உருவாகின்றன. அத்தொழிலைக் கற்பிப்பதற்கென்று ஓர் அரசாங்க ஸ்தாபனமும் அங்கே உண்டு.

பீங்கான் கோப்பையை வெளியூருக்கு அனுப்புகிறவர் அதைச் சும்மா பெட்டியில் போட்டு அனுப்பமாட்டார். வைக்கோலைத் திணித்து, அதன் நடுவே கோப்பையை வைப்பார். வழியிலுள்ள மேடு பள்ளங்களின் அடியெல்லாம் வைக்கோலோடு நின்றுவிடும். மோட்டார் வண்டிக்கும் இத்தகைய வைக்கோல் உண்டு. அதற்குத்தான் சஸ்பென்ஷன் என்று பெயர். ஸ்பிரிங்கு, ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், மூட்டுக்கள் எல்லாம் சேர்ந்தது அது. வைக்கோல் நாளடைவில் நசுங்கிப் பொடியாவது போலவே இவையும் தேய்கின்றன. ஆனால் நசுங்கிய வைக்கோலால் கோப்பைதான் உடையும். தேய்ந்த சஸ்பென்ஷனால் மனிதர் எலும்பு உடையும். இதை எண்ணியே பழைய ஸ்போர்ட்ஸ் வண்டிகளைப் பற்றி இங்கே சிறிது விரிவாக எழுதத் துணிந்தோம்.

சென்னைக்கு உறவான வண்டி

பழைய ரோட்ஸ்டர் என்றால், இரண்டே ஆசனங்களும் மடக்கிவிடக்கூடிய துணிக் கூரையும் உடைய சீமைச் செல்வந்தரின் விளையாட்டுச் சாமான் என்றுதான் நேயர்கள் நினைப்பார்கள். அத்தகைய வண்டிகளுள் ஒன்றுக்கு நம் சென்னையோடு இரத்த சம்பந்தம் உண்டு என்றால் ஆச்சரியமாக இருக்கும்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்திலிருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனி, 1959-ஆம் வருஷம் 'ஹெரால்டு' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. அதன் உருவத்தை வரைந்தவர் ஜோவான்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் அமைந்தது அந்தக் காலத்தில் சிறு வண்டிகளுக்கு அரிய விசேஷம். சுமார் 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள்ளேயே அது திரும்பிவிடும். சந்து பொந்துகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதன் அருமையை அறிவார்கள். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தையே குறுக்கி, அதன் மேல் இரண்டு ஆசனமுள்ள திறந்த உடலை ஏற்றி, 1962-இல் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் ரோட்ஸ்டரை அதே கம்பெனி வெளியிட்டது. 1980 வரையில் அது உற்பத்தியாகி வந்தது.

நம் நாட்டில் 1953-இல் அரசாங்கம் மோட்டார்த் தொழில் விஷயமாக ஒரு முடிவு செய்தது. வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டி விற்பதோடு திருப்தியடையாமல், படிப்படியாகப் பாகங்களையும் இங்கேயே செய்ய முன்வரும் கம்பெனிகளுக்குத்தான் இடம் என்பது அந்த முடிவு. கல்கத்தாவுக்கு அருகில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆகியவை கார்த் தொழிலில் நிலைத்தன. சென்னைக் கம்பெனி 1961-இல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' வண்டியை வெளியிட்டது. பின்னர் இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் நம்மவர்கள் இங்கே செய்தார்கள். 1972-இல் வெளிவந்த 'கெஸல்' வண்டியில் பின்பக்க அச்சையே மாற்றி அமைத்தார்கள். அந்தக் கம்பெனி இன்று இல்லை. ஆனால் நம் நாட்டு மெக்கானிக்குகள் பல வருஷ காலம் பழகிய அந்த ஹெரால்டின் கால்களும் சீமை ஸ்பிட்ஃபயரின் கால்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே, ஒன்றின் வைத்தியம் மற்றொன்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது

சுந்தரமூர்த்தி நாயனார் விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது நாம் கேட்ட வரலாறு. அவருக்கு இறைவன் துணை இருந்தது. நம் வண்டிக்காரர்களோ அந்தத் துணை இல்லாமலே அக்காரியத்தைச் செய்யப் பார்க்கிறார்கள். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் புது டயர் வாங்குகிறார்கள். ஆறு மாதத்தில் அதுவும் அப்படியே தேய்கிறது. குற்றம் கிடப்பது மூட்டில், தேடுவது டயரில்!

டயரின் தேய்மானம் வண்டியின் ஜாதகம் என்றே சொல்லலாம். உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. இந்தச் சாய்வுக்குக் காம்பர் என்று பெயர். டயரின் மேல் குறுக்காகக் கையைத் தடவும்போது ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பம் போல் தட்டினால் சக்கரங்கள் நேர்கோட்டில் ஓடவில்லை. அது டோ-இன் அளவின் கோளாறு. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் உயிரை விட்டிருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. வண்டியின் ஒரு மூலையை நன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், அது எழும்பி ஒருமுறை தணிந்து அடங்கிவிட வேண்டும். ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பரை மாற்றவேண்டும். பிறகு முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான ஸ்டாண்டு வைத்துவிட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்கவேண்டும். ஆட்டம் தெரிந்தால், வீட்டிலுள்ள யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் அசைக்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் சக்கரத்தின் பேரிங்கில். நிற்காவிட்டால் மூட்டில். இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டைப் பார்க்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது கூடவே கூடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

எண்ணெய் கேட்கும் மூட்டு

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வண்டிகளின் முன் காலில் ஒரு விசித்திரமான மூட்டு இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் மேல்முனை பந்து மூட்டில் நிற்கிறது. அதன் அடிமுனையோ திருகாணியாகக் கடையப்பட்டு, டிரன்னியன் என்னும் மஞ்சள் உலோகக் கூட்டுக்குள் புகுந்திருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த எஃகுத் திருகு இந்தக் கூட்டுக்குள் சிறிது சுழல்கிறது.

இந்த இடத்துக்குக் கெட்டியான கியர் எண்ணெய் விடவேண்டும் என்பது இந்த வண்டிகளின் விதி. ஆனால் எல்லா மூட்டுக்கும் கிரீஸ் அடித்துப் பழகிய கை இதற்கும் கிரீஸையே அடிக்கிறது. கிரீஸ் திருகின் இடுக்குகளுக்குள் சரியாக இறங்காமல் நாளடைவில் இறுகிப்போகிறது. பழைய ரப்பர் வளையத்தின் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே புகுகிறது. எஃகு துருப்பிடிக்கிறது, மஞ்சள் உலோகம் அரைபடுகிறது. இறுகிய மூட்டை ஸ்டியரிங் வலிந்து திருப்பத் திருப்பத் திருகின் அடியில் மயிரிழை போல் வெடிப்பு உண்டாகிறது. ஒரு நாள் அந்தத் தண்டு முறிகிறது. முறிந்தால் சக்கரம் படுத்துவிடும். வண்டியின் மூக்கு தரையில் மோதும். வீட்டு வாசலில் திருப்பும்போது இது நேர்ந்தால் அதிர்ஷ்டம். உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சரித்திரம் தெரியாத பழைய ரோட்ஸ்டரை ஒருவர் வாங்கினால், அவர் முதலில் செலவழிக்க வேண்டியது வர்ணத்துக்கு அல்ல, இந்த மூட்டுக்குத்தான். கழற்றித் துடைத்து, தண்டின் திருகைப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். அரிப்போ பள்ளமோ தெரிந்தால் இரக்கமின்றி எறிந்துவிட்டுப் புதியது பூட்ட வேண்டும். பிறகு காலந் தவறாமல் எண்ணெய் விட வேண்டும். சில ரூபாய் எண்ணெயை மிச்சம் பிடிப்பது உண்மையில் சிக்கனமே அல்ல.

முதுகு வளைந்த பின்புறம்

வண்டியின் பின்பக்கத்தில் குறுக்கே ஒரே ஒரு கமான் பட்டை இருக்கிறது. அதன் நடுப்பகுதி டிஃபரன்ஷியல் பெட்டியின் தலைமேல் இறுக்கப்பட்டிருக்கிறது. இரு முனைகளும் இரு சக்கரங்களைத் தாங்குகின்றன. காலப்போக்கில் பட்டை தளர்ந்தால், பாரம் சுமந்து களைத்த மாட்டின் பின்னங்கால்கள் போலச் சக்கரங்களின் மேல்பாகம் உள்ளே சாய்ந்து, அடிப்பாகம் அகன்று நிற்கும். அப்போது டயரின் உள் ஓரம் வீணாகும்.

இந்த அமைப்புக்கு வேறொரு குணமும் உண்டு. கூர்மையான வளைவில் வேகமாகச் செல்லும்போது ஓட்டுகிறவர் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால், வண்டியின் பின்பாகம் மேலே எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடிய எத்தனிக்கும். கம்பெனியார் இதை உணர்ந்து, 1970-இல் வெளிவந்த நான்காம் மாதிரி ஸ்பிட்ஃபயரில் பட்டையை வேறு விதமாக அமைத்தார்கள். எல்லாத் தகடுகளையும் இறுக்காமல், பெரும்பாலானவற்றை நடுவில் அசைய விட்டு அக்குணத்தை வெகுவாகத் தணித்தார்கள். ஆகையால் பட்டை மாற்றுகிறவர் தம் வண்டி எந்த வருஷத்தது என்று பார்த்தே வாங்கவேண்டும். காற்றின் அளவிலும் கவனம் தேவை. இந்த வண்டிகளின் முன் சக்கரங்களுக்குக் குறைவாகவும் பின் சக்கரங்களுக்கு அதிகமாகவும் காற்று இருக்க வேண்டும். நான்குக்கும் ஒரே அளவு அடித்தனுப்புவது பெட்ரோல் பங்குக்கு வசதி. வண்டிக்கு நன்மை அன்று.

பூட்டும் முறை

ரப்பர் புஷ் விலை அதிகமில்லாத சாமான். ஆனால் அதைப் பூட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சில மாதங்களிலேயே கிழிந்துபோகும். ஆகவே, முதலில் லேசாகப் பூட்டி, வண்டியின் பாரம் முழுதும் சக்கரங்களின் மேல் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். பாலியூரித்தேன் என்னும் கெட்டிப் பொருளாலான புஷ்களையும் இப்போது விற்கிறார்கள். பந்தய மைதானத்துக்கு அவை உகந்தவை. நம் சாலையின் பள்ளங்களையெல்லாம் முதுகெலும்பில் எண்ணிப்பார்க்க விரும்பாதவர்களுக்கு ரப்பரே போதும் என்பது நமது அபிப்பிராயம்.

முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றுவதை மட்டும் பழகாதவர்கள் மேற்கொள்ள வேண்டாம். அடங்கிக் கிடக்கும் சுருளில் ஓர் ஆளைத் தாக்கி வீழ்த்தக்கூடிய வலிமை ஒளிந்திருக்கிறது. தக்க கருவியும் பழகிய கையும் அதற்கு அவசியம்.

எல்லா மூட்டுக்களையும் புதுப்பித்த பிறகே அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது, தள்ளாடுகிற தராசில் தங்கம் நிறுப்பதற்கு ஒப்பாகும். இதற்கு மின்சார யந்திரங்கள் இருக்கின்றன என்றாலும், நூல் கட்டிப் பார்க்கும் பழைய முறை இன்னும் பொய்க்கவில்லை. சமதளமான தரையில் வண்டியை நிறுத்தி, இரு ஆசனங்களிலும் ஆள் பாரத்துக்கு ஈடாக அரிசி மூட்டைகளை வைத்து, ஸ்டியரிங்கை நேராக நிறுத்த வேண்டும். வண்டியின் இரு புறமும், நடுக்கோட்டுக்குச் சம தூரத்தில், சக்கர மையத்தின் உயரத்தில் நூலை இழுத்துக் கட்டவேண்டும். நூலுக்கும் சக்கர வளையத்தின் முன் விளிம்புக்கும் உள்ள தூரத்தையும், பின் விளிம்புக்கு உள்ள தூரத்தையும் அளக்க வேண்டும். இரு சக்கரங்களின் வித்தியாசத்தையும் கூட்டினால் வருவது டோ-இன். இது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அல்லது எட்டில் ஒரு பங்கு என்பது போன்ற மிகச் சிறிய அளவு. சரியான அளவை அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். டை ராடுகளை இரு பக்கமும் சமமாகத் திருகி அதைச் சரிசெய்கிறார்கள். சாய்வைத் திருத்துவதற்கு, கீழ்க் கையைச் சட்டத்தோடு பிணைக்கும் இடத்தில் மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ வைக்கிறார்கள்.

கையில் இருக்கும் செல்வம்

வண்டியின் சட்டத்தைவிட அதன் மூட்டுக்களே நம் நாட்டுத் தொழிலை வளர்த்தன என்று கூறலாம். 1929-இல் சென்னையில் மோட்டார் வியாபார ஸ்தாபனமாகத் தோன்றிய ராணே கம்பெனி, 1960-ஐ ஒட்டி டை ராடு எண்டுகளை இங்கேயே செய்யத் தொடங்கியது. அதே காலத்தில் சென்னைக்கு அருகே பாடியில் வீல்ஸ் இந்தியா கம்பெனி சக்கரங்களைச் செய்ய முற்பட்டது. அந்நிய நாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்த சாமான்கள் நம்மவர் கையால் உருவாகலாயின.

ஆனால் சாமான் செய்யும் ஆலையை மட்டும் செல்வமென்று எண்ணுவது போதாது. எந்த மூட்டுக்கு எண்ணெய், எந்த மூட்டுக்கு கிரீஸ் என்று தெரிந்த மெக்கானிக்கும் தேசத்தின் செல்வந்தான். அந்தத் தலைமுறை முதுமை எய்திவருகிறது. அவர்களிடம் கற்றுக்கொள்ள வருகிற இளைஞரோ குறைவு. பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள், பழுதுபார்க்கும் நாளில் தம் பிள்ளைகளையும் பெண்களையும் அருகில் நிறுத்திக் காட்டுவார்களாக. பட்டறையில் பெரியவர் செய்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, எண்ணெய் விட்ட தேதியையும் குறித்து வைப்பார்களாக. விருத்தாசலத்துக் கோப்பை உடைந்துபோனால் இன்னொன்று வனைய அங்கே மண்ணும் இருக்கிறது, கையும் இருக்கிறது. வித்தை தெரிந்த கை இல்லாமற்போனால், மண் மலைபோல் குவிந்திருந்தும் என்ன பயன்?