ஊசி மருத்துவம்: எதற்கு உதவும், எதற்கு உதவாது?

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் காப்பியும் மிளகும் பயிரிடும் மக்கள், மருத்துவமனை செல்லக் கொண்டை ஊசி வளைவுகள் பல கடந்து இறங்கவேண்டும். ஆகவே, எந்நோய்க்கு எச்சிகிச்சை என்பதை நாம் முன்னரே தெளிதல் நலம்.

மயிரிழை போன்ற ஊசிகளை உடலிற் குறித்த இடங்களில் செலுத்தும் சீன முறையே அக்குபங்சர். அவ்வூசிகளின் வழியே மெல்லிய மின்சாரம் பாய்ச்சுவது மின் அக்குபங்சர். இருமும்போதும் சுமை தூக்கும்போதும் சிறுநீர் கசியும் பெண்கள் 504 பேரிடம் சீனாவில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. இடுப்பின் கீழ்ப்புறத்தில் ஆறு வாரங்களில் 18 முறை இச்சிகிச்சை பெற்றோர்க்கு, பெயரளவில் ஊசி வைக்கப்பெற்றோரைவிடக் கசிவு குறைந்தது.

கண்ணின் நிலை வேறு. கண்புரை ஊசியாற் கரையாது. அறுவைச் சிகிச்சையே வழி. கிளாகோமா என்னும் கண் அழுத்த நோயில் இழந்த பார்வை மீளாது. ஊசி அதனைத் தடுக்குமென்பதற்குப் போதிய சான்றில்லை. ஊசியை நம்பித் தாமதித்தால் எஞ்சிய பார்வையும் போய்விடக்கூடும்.

சிறுநீரில் இரத்தமோ அடைப்போ காணின் உடனே மருத்துவரை நாடவேண்டும். இதயத்தில் மின்கருவி பொருத்தியோரும் கர்ப்பிணிகளும் மருத்துவர் இசைவின்றி மின் ஊசி பெறலாகாது. ஒருவருக்கு இட்ட ஊசியை மற்றொருவருக்கு இடுதல் கூடாது.

அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவை இலவசம். பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் ஊரில் கண் பரிசோதனை முகாம் நடைபெற ஆவன செய்வார்களாக.