வீடு மாறும்போது எறிந்துவிடாதேங்கோ

லண்டனுக்கு வந்து ஹோட்டலிலோ ஹொஸ்டலிலோ ஒரு அறை கிடைத்து, சாமான்களை அடுக்கி மூச்சு விட முதல் "உங்களை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம்" என்று கடிதம் வந்துவிடும். ஹோம் ஒஃபிஸின் உதவியில் தங்கியிருப்பவர்களை லண்டனுக்கு வெளியே உள்ள ஊர்களுக்கும் அனுப்பும் முறை, 1999 ஆம் ஆண்டின் குடிவரவு, தஞ்சச் சட்டத்தோடு வந்து 2000 ஆம் ஆண்டில் தொடங்கியது. இடத்தை நீங்கள் தெரிவு செய்ய ஏலாது. கடுமையான வருத்தமோ, சித்திரவதைக்கான சிகிச்சையோ இருந்தால் உடனே சொலிசிட்டர் மூலம் எழுதிக் கேட்கலாம். ஒன்றும் சொல்லாமல் வாகனத்தில் ஏற மறுத்தால் கிடைக்கிற உதவியும் நின்றுபோகலாம்.

பிரச்சினை பாக் கட்டுகிறபோதுதான் தொடங்குகிறது. கொண்டுபோகக்கூடிய சாமானுக்கு அளவு உண்டு. பிள்ளைகளின் ஜக்கெற், சட்டி பானை, குத்தரிசி எல்லாம் போட்ட பிறகு, "இந்தப் பழைய தாள்கள் ஏன்?" என்று ஒரு கட்டுக் கடதாசி குப்பைக்குப் போகும். எங்களிடம் வந்த ஒரு அம்மா அப்படித்தான் எறிந்தார். அதற்குள் ஊரில் காயத்துக்கு மருந்து கட்டிய ஆஸ்பத்திரி கொடுத்த டயக்னோசிஸ் காட் இருந்தது. இரண்டு கிழமையில் சொலிசிட்டர் அதைத்தான் கேட்டார். பிறகு ஊரில் இருந்த தம்பி ஆஸ்பத்திரிக்கு அலைந்து பிரதி எடுக்க மாதக்கணக்காய்ப் போனது.

எது உதவும் என்று நாங்களே முடிவு செய்யக்கூடாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் முக்கியம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது சில்லறைத் துண்டுகளின் பெறுமதி. வவுனியாவில் தங்க எடுத்த பாஸ், மெனிக் பாம் முகாம் அட்டை, செஞ்சிலுவைச் சங்கம் தடுப்பில் சந்தித்தபோது தந்த அட்டை, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்த துண்டு, காணாமல் போனோர் அலுவலகத்தில் பதிந்த கடிதம், கிராம சேவகர் எழுதித் தந்தது, கொழும்பு லொட்ஜ் பில். லொட்ஜ் பில்லா என்று சிரிக்காதேங்கோ. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர் சில நூறு பேரை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. அந்த நேரம் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று காட்ட அந்தப் பில்லைத் தவிர வேறு என்ன இருக்கப்போகிறது?

கடிதம் வந்த என்வலப்பையும் எறியாதேங்கோ. ஊரில் இருந்து வந்ததென்றால் முத்திரை, தபால் சீல், அனுப்பினவர் பெயர் எல்லாம் அதில்தான் இருக்கும். கூரியர் துண்டும் அப்படித்தான். 2002 இல் தன்வீர் அகமட் என்பவரின் வழக்கில் இங்குள்ள குடிவரவு ட்ரிபியூனல் சொன்னது இது: ஒரு ஆவணத்தை நம்பலாம் என்று காட்டவேண்டியது அதைக் கொடுப்பவர், நம்பலாமா இல்லையா என்பதை மற்ற எல்லாச் சாட்சியங்களோடும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். ஆகவே கடிதம் எப்படி வந்தது என்பதும் கதையின் ஒரு பகுதி.

அசலை லமினேட் பண்ணாதேங்கோ. ஊரில் எங்கட ஆட்கள் பத்திரமாய் இருக்கட்டும் என்று செய்கிறதுதான், ஆனால் தாளையும் சீலையும் சோதிக்க முடியாமல் போகும். போனில் படம் எடுத்து உங்கள் ஈமெயிலுக்கே அனுப்பிவையுங்கோ. ஹோம் ஒஃபிஸ் அசலை வாங்கினால் ரசீது கேளுங்கோ. தமிழ், சிங்களத் தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேணும். இல்லாத ஒன்றைக் காசு கொடுத்துச் செய்விக்கவே வேண்டாம், உண்மையான தாள்களையும் அது கெடுத்துவிடும். இந்த ஃபைல் வாகனத்தின் பின்னால் போகிற சூட்கேசில் அல்ல, உங்கள் தோளில் கொழுவிய பாக்கில் இருக்கவேணும்.

புதிய விலாசத்தை ஹோம் ஒஃபிஸுக்கும் சொலிசிட்டருக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கோ. வழக்கு ட்ரிபியூனலில் இருந்தால் அங்கேயும் சொல்லவேணும். அவர்கள் மாற்றினவர்கள்தானே, அவர்களுக்குத் தெரியும் என்று இருந்துவிடாதேங்கோ. தஞ்சம் மறுக்கப்பட்டால், இந்த நாட்டில் இருந்து மேன்முறையீடு செய்யப் பொதுவாக 14 நாள்தான். அது முடிவு அனுப்பப்பட்ட நாளில் இருந்து எண்ணப்படும், உங்கள் கைக்கு வந்த நாளில் இருந்து அல்ல. பழைய விலாசத்துக் கதவடியில் கடிதம் கிடந்தாலும் நாள் ஓடும். பிந்தி வந்தால் காரணம் சொல்லிக் காலம் நீட்டிக் கேட்கலாம். அப்போது தபால் திகதி தெரிகிற அந்த என்வலப் உங்களுக்குச் சாட்சி. தூர ஊருக்குப் போய்விட்டோம் என்று லண்டன் சொலிசிட்டரை உடனே கைவிடவும் வேண்டாம். போனில் தொடர்ந்து செய்வாரா என்று முதலில் கேளுங்கோ.

வழக்குக்கு ஒன்றுக்கும் உதவாத சாமான்களும் இருக்கும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்தும் கதவைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட எத்தனையோ பேர் அந்தத் திறப்பை வைத்திருக்கிறார்கள், சிலருக்கு வீடே இல்லாமல் போன பிறகும். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இடம்பெயர்ந்தவர்களைக் கொண்டே அவர்கள் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தைக் கீறச் சொல்லி, அவர்களின் கதைகளோடு 2011 இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். கிணறும் மாமரமும் எங்கே நின்றது என்று கையால் கீறின படங்கள். அப்படி ஒரு தாள் உங்களிடமும் இருந்தால் அதையும் ஃபைலில் போடுங்கோ, சொலிசிட்டர் கேட்காவிட்டாலும்.

சாமிப் படம் கண்ணாடிச் சட்டத்தில் இருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை மட்டும் ஒரு கொப்பிக்குள் வையுங்கோ. கலியாண அல்பம் பாரமென்றால் படங்களை மட்டும் எடுங்கோ, பின்பக்கத்தில் திகதியும் இடமும் எழுதியிருந்தால் அதை அழிக்காதேங்கோ. அழைப்பிதழ் ஒன்று மிஞ்சியிருந்தால் அதுவும் கூட வரட்டும்.