இரவல் கொடுக்க ஒரு கத்தி



"அண்ணாச்சி, கத்தி இருந்தாக் கொஞ்சம் குடுங்க." இந்தப் பேச்சைக் கேட்காத நாள் நமக்குக் கிடையாது. உரமூட்டையின் தையலைப் பிரிக்க, கயிறு அறுக்க, ஆட்டுக்குக் கொழை கழிக்க, வெள்ளரிக்காய் நறுக்க, எல்லாத்துக்கும் கத்தி வேண்டும். மடியில் மடக்குக் கத்தி வைத்திருக்கிறவர் ஊருக்கு ஒருவரோ இருவரோதான். கேட்டால் இல்லை என்று சொல்ல அவருக்கும் மனசு வராது.

கொடுக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கென்று இன்னொரு கத்தி வைத்துக்கொள்ளுங்கள். பயிரில் வைக்கிற கத்தி வேறு, கைமாறுகிற கத்தி வேறு என்று இருக்கட்டும். இது கருமித்தனம் இல்லை. பனையேறுகிறவரைப் பாருங்கள். பாளை சீவ ஓர் அரிவாள், மட்டை கழிக்க ஓர் அரிவாள் என்று பெட்டியில் இரண்டு வைத்திருப்பார். பாளை அரிவாளை இரவல் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்! முனை மழுங்கினால் பாளை நசுங்கும், பதநீர் குறையும் என்று அவருக்குத் தெரியும்.

இராஜபாளையம் பக்கம் மா ஒட்டுக் கட்டுகிறவர்கள் சங்கதியும் இதேதான். ஒட்டுக்கத்திக்குச் சாணை ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும். அதை வாங்கிப்போய் ஒருவர் கம்பியைச் சுரண்டினார் என்று வையுங்கள். வெட்டுவாய் பல்லு விழுந்துவிடும். அந்தக் கத்தியால் சீவினால் ஒட்டுக் குச்சியும் வேர்ச்செடியும் ஒன்றோடொன்று படிந்து உட்காராது. ஒட்டு பிடிக்காமல் போனதற்கு நாற்றைக் குறை சொல்வோம், வெயிலைக் குறை சொல்வோம். கத்தியை யாரும் நினைப்பதில்லை.

கத்தி மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம். நோயோடு திரும்பி வந்தால் என்ன செய்வது? அதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

கரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கரும்பு போடுகிறவர்களுக்கு இது நேராகப் பொருந்தும். மறுதாம்புக் குட்டை நோய் என்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1944-45 பருவத்தில்தான் இதை முதலில் கண்டுகொண்டார்கள். காரணம் ஒரு பாக்டீரியா. கரும்பின் உள்ளே தண்ணீர் ஏறுகிற குழாய்களில் அது குடியிருக்கும். இதில் வம்பு என்னவென்றால், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இலையில் புள்ளி இல்லை, அழுகல் இல்லை, நாற்றம் இல்லை. கரும்பு கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் ஒல்லியாக நிற்கும். மறுதாம்பில் இன்னும் இளைக்கும். "தண்ணி பத்தலை", "சத்து பத்தலை" என்று நாமும் யூரியாவைக் கூட்டுவோம்.

இந்த நோய் காற்றில் வருவதில்லை, பூச்சியில் வருவதில்லை. விதைக்கரணையில் வரும், அதற்கடுத்து வெட்டுகிற கத்தியில் வரும். நோய்க் கரும்பை வெட்டும்போது அதன் சாறு அலகில் ஒட்டுகிறது. அடுத்த கரணையின் வெட்டுவாயில் அதே சாறு ஏறுகிறது. ஏக்கருக்கு இருபரு கரணை சுமார் 30,000 வேண்டும். அத்தனையும் கத்தி பட்டுத்தான் வருகிறது. மேற்கே ஒரு தோட்டத்தில் வெட்டிவிட்டு வந்த கத்தியை நீங்கள் இரவல் வாங்கி உங்கள் விதைக்கரும்பில் வைத்தால், முதல் சில கரணைகளிலேயே அந்தத் தோட்டத்து நோய் உங்கள் நிலத்துக்கு வந்துவிடும். கரணையில் ஏற்கனவே இருக்கிற நோய்க்கு 50 டிகிரி வெந்நீரில் 2 மணி நேரம் ஊறவைக்கிற சிகிச்சை இருக்கிறது. அந்தச் சிகிச்சை முடித்த சுத்தமான கரணையை அழுக்குக் கத்தியால் நறுக்கினால் பட்ட பாடெல்லாம் வீண்.

எலுமிச்சையில் சொறி நோய் பெரும்பாலும் காற்றோடு வருகிற மழைச் சாரலில்தான் பரவுகிறது. ஆனால் கவாத்து செய்கிற கத்தியும் கத்தரியும் அதைச் சுமந்து போகும். அதனால் நோய் கண்ட மரத்தைக் கடைசியில் கவாத்து செய்ய வேண்டும், அதுவும் இலை ஈரம் காய்ந்த பிறகு. தக்காளி, மிளகாயில் வருகிற ஒருவகைத் தேமல் வைரஸ் கத்தியில் மட்டும் இல்லை, பீடி, புகையிலை பிடித்த கையிலும் ஒட்டி வரும். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுக் கிள்ளுங்கள்.

வாழைக்காரர்களுக்கு ஒரு வெளியூர்ச் செய்தி. 2001-ல் ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் வாழைக்கு ஒரு பாக்டீரியா வாடல் நோய் வந்தது. அங்கே வாழைதான் சோறு. பூவுக்கு வருகிற பூச்சி அதைப் பரப்பியது. பக்கத்துத் தோட்டத்தில் இலை அறுத்து, பக்கக்கன்று எடுத்துவிட்டு வந்த கத்தியும் பரப்பியது. அங்கே உழவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தார் விட்டு முடிந்ததும் வாழைப்பூவைக் கத்தியால் அறுக்காதே, கவைக்கம்பை மாட்டித் திருகி ஒடி என்றார்கள். கத்தியே வேண்டாம் என்றால் கத்தியால் பரவுவதும் இல்லை, பாருங்கள். பூவை உடனே எடுத்துவிட்டால் பூச்சிக்கும் அங்கே வேலை இல்லை.

பயிரை விட்டு வீட்டுப் பக்கம் வருவோம். இரவல் போன கத்தி எதையெல்லாம் வெட்டியது என்று உங்களுக்குத் தெரியாது. பூச்சிமருந்துப் பொட்டலத்தைக் கிழித்திருக்கலாம். அதை வாங்கி, வேட்டியில் ஒரு துடை துடைத்து, பேரனுக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுக்கிறோம். இது நடக்கிற காரியம்தான். ஆடு குட்டி போட்டால் தொப்புள்கொடி அறுக்கவும் இந்தக் கத்தியை எடுக்காதீர்கள். அதற்குப் புது பிளேடு, பிறகு டிங்சர் அயோடின். மண்ணும் சாணமும் பட்ட இரும்பில் ரணஜன்னிக் கிருமி இருக்கும்.

அப்படியானால் இரவல் கத்தி எப்படி இருக்க வேண்டும்? விலை உயர்ந்ததாக வேண்டாம். தேய்ந்துபோன பழைய அரிவாளைக் கொல்லரிடம் கொடுத்தால் சாண் நீளத்துக்கு நறுக்கிப் பிடி போட்டுத் தருவார். பிடியில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும், சிவப்புப் பிடி வெளியே போகிற கத்தி, அது பயிரிலும் படக்கூடாது, பழத்திலும் படக்கூடாது. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் பெரியவர்கள் கீழே வைத்து எடுக்கச் சொல்வார்கள். சண்டை வருமோ வராதோ, கை அறுபடாது. மடக்கி, தரையில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் சொந்தக் கத்தியைச் சுத்தம் செய்ய முதலில் ஒட்டின பாலையும் மண்ணையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் மருந்தின் வீரியம் அதிலேயே போய்விடும். பிறகு கடையில் விற்கிற துணி வெளுக்கும் பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து கத்தியைச் சில நிமிடம் போட்டு வையுங்கள். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். கழிவறை கழுவுகிற ஆசிட்டை அதோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும். பிளீச் இரும்பை அரிக்கும், ஆகையால் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்தாலும் சரி. சிலர் அடுப்பில் காட்டிச் சிவக்க வைக்கிறார்கள். கிருமி சாகும், கூடவே கத்தியின் பதமும் போய்விடும். கரணை வெட்டும்போது ஒரு பக்கெட்டில் கலவை இருந்தால் போதும், ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டைப் பிரிக்கும்போது கத்தியை முக்கி எடுக்கலாம். ஆளுக்கு இரண்டு கத்தி இருந்தால் ஒன்று ஊறும், ஒன்று வெட்டும், வேலை நிற்காது.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம். மழை பொய்த்து, காட்டுவேலை இல்லாத மாதங்களில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். மடியில் இருக்கிற கத்தி பழக்கத்தில் கூடவே போய்விடும். அங்கே ஒருவர் திரி நறுக்கக் கேட்பார், நாமும் பழக்கத்தில் எடுத்துக் கொடுப்போம். அது மட்டும் கூடாதுங்க. இந்த ஒரு இடத்தில் சொந்தக் கத்தியும் வேண்டாம், சிவப்புப் பிடியும் வேண்டாம்.

இரும்பு கல்லிலோ இரும்பிலோ உரசினால் பொறி பறக்கும். சிக்கிமுக்கிக் கல்லில் நெருப்பெடுத்தது அப்படித்தான். தெறிக்கிற இரும்புத் துணுக்கு காற்றிலேயே பற்றி எரிகிறது, அதுதான் பொறி. பித்தளை, செம்பு அப்படிச் சுலபத்தில் எரியாது. அதனால்தான் 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி மருந்து கையாளும் இடத்தில் கருவிகள் மரம், செம்பு, பித்தளை போன்ற மென்மையான பொருளில் இருக்க வேண்டும். துருப்பிடித்த கத்தி இன்னும் மோசம். பட்டாசில் அலுமினியப் பொடி சேர்கிறது. துருவின் மேல் அலுமினியம் தேய்ந்து ஒட்டி, அதன் மேல் ஓர் அடி விழுந்தால் பறக்கிற பொறி சாதாரணப் பொறியைவிடக் கடுஞ்சூடு. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்திலும் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். அவை கத்தியால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. மருந்துக்குச் சின்ன உராய்வே போதும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே ஆலைக்குக் கிளம்பும்போது தீப்பெட்டி, பீடி, செல்போனோடு கத்தியையும் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போங்கள். மறந்து எடுத்து வந்துவிட்டால் வாசலில் காவலரிடம் கொடுத்து வைத்து, சாயங்காலம் வாங்கிக்கொள்ளுங்கள். திரி நறுக்கக் கத்தி பத்தவில்லை என்றால் போர்மேனிடம் இன்னொரு பித்தளைக் கத்தி கேட்க வேண்டும், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பித்தளைக் கத்தியையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அதில் ஒட்டியிருப்பது பட்டாசு மருந்து.