பத்திரமா இருக்கா? திறந்து பாருங்க!

1999ல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி 2' படம், பாதி வேலையிலேயே காணாமல் போகப் பார்த்தது தெரியுமா?

அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டுடியோவில், 1998ல் யாரோ தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். பொம்மை வூடியின் தொப்பி, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாக மறைந்தன. 'நகல்தான் இருக்கிறதே' என்று எடுத்துப் பார்த்தால், அதுவும் சரியாகப் பதிவாகவில்லை! நல்லவேளை, கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வதற்காக, கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் தன் வீட்டுக் கணினியில் ஒரு நகல் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையால் சுற்றி, காரில் கொண்டுவந்து படத்தை மீட்டார்கள்.

உங்கள் வீட்டுப் புகைப்படங்கள், வீடியோக்கள் எல்லாம் ஒரே கணினியில் இருக்கின்றனவா? பெரியவர்கள் உதவியோடு, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

இடம் போதாதா? கோப்புகளைச் சுருக்கலாம். 'அஅஅஅஅஅஅஅ' என்று எழுதுவதற்குப் பதில், '8 அ' என்று எழுதினால் இடம் மிச்சம்தானே? திரும்பத் திரும்ப வருவதைக் குறிப்பால் எழுதுவதுதான் 'ஜிப்' செய்யும் வித்தை. மறுபடி விரிக்கும்போது ஓர் எழுத்துகூடக் குறையாது. கடிதம், கட்டுரை எல்லாம் நன்றாகச் சுருங்கும். ஜேபெக் புகைப்படங்கள் அவ்வளவாகச் சுருங்காது. அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை.

நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள். பிறகு கணினியில் வைரஸ் புகுந்தாலும் நகல் தப்பும்.

இன்னொரு முக்கியமான வேலை... மாதம் ஒருமுறை, நகலிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். பிக்ஸாரில் செய்யாமல் விட்டது அதைத்தான்!