நிலத்தை ஈடு வைக்கும் முன் கடன் பதிவேட்டைச் சீர் செய்யுங்கள்

கிணறு தோண்டவும், மின் இறைவைப் பொறி அமைக்கவும், வாழைக்குச் சொட்டுநீர்ப் பாசனம் போடவும், ஓட்டு வீட்டை மாற்றிக் கட்டவும் உழவர்களுக்கு நீண்ட காலக் கடன் தேவைப்படுகிறது. இத்தகைய கடனுக்கு நிலத்தையோ வீட்டையோ ஈடாகக் கொடுக்க வேண்டியுள்ளது. சென்னை மாகாணத்தில் இதற்கெனவே 1929-ஆம் ஆண்டில் மத்திய நில அடமான வங்கி கூட்டுறவு முறையில் தொடங்கப்பட்டது. அந்நாளில் நிலத்தின் பத்திரத்தையும் விளைச்சலையும் பார்த்துக் கடன் கொடுத்தார்கள். இன்று அவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் பார்க்கிறார்கள். அதுதான் கடன் தகவல் அறிக்கை. பேச்சு வழக்கில் இதைச் ‘சிபில்’ என்கிறோம்.

தென்னூர் உழவர் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் உழவர்களாயினும், காவிரிக் கரையில் வாழை பயிரிடுபவர்களாயினும், வங்கியில் மனு கொடுத்த பிறகே பலரும் இந்த அறிக்கையைப் பற்றிக் கேள்விப்படுகின்றனர். மனு தள்ளுபடியானதும் வெளியில் வட்டிக்கு வாங்குகின்றனர். ஐந்து இலட்ச ரூபாயை மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டியில் வாங்கினால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் வட்டி மட்டும் ஆகும். அதே தொகைக்கு வங்கியில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொண்டாலும் 50,000 ரூபாய்தான். ஆண்டுதோறும் 1,30,000 ரூபாய் வேறுபாடு. சில ஆண்டுகளில் நிலமே கைமாறிப் போவதற்கு இந்த வேறுபாடு போதும்.

கடன் தகவல் அறிக்கை என்பது யாது?

நம் நாட்டில் சிபில் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஒவ்வொருவருடைய கடன், தவணை, பாக்கி ஆகிய விவரங்களை இவற்றுக்கு அனுப்புகின்றன. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையேனும் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இவ்விவரங்களைக் கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. தவணை தவறாதவருக்கு மதிப்பெண் உயரும். பாக்கி விழுந்தால் குறையும். ஒரே சமயத்தில் பல இடங்களில் கடன் கேட்டு மனு செய்தாலும் குறையும். நமது அறிக்கையை நாமே வாங்கிப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

2025-ஆம் ஆண்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில் அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்று வந்த சுற்றறிக்கை தமிழ்நாட்டில் பெரும் விவாதத்தை எழுப்பியது நினைவிருக்கலாம். பயிர்க்கடன் நிலை எதுவாயினும், நிலத்தையோ வீட்டையோ ஈடு வைத்துப் பெறும் பெருங்கடனுக்கு இந்த அறிக்கையைப் பார்க்காமல் வங்கிகள் முடிவு செய்வதில்லை.

நிலம் இருக்கும்போது பதிவேடு எதற்கு?

பல உழவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் செல்லாமலே கைப்பற்ற வங்கிகளுக்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதிகாரம் அளிக்கிறது. ஆனால் விவசாய நிலத்துக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆகவே விவசாய நிலத்தின் மீது கொடுத்த கடன் வராவிட்டால், வங்கி நீண்ட சட்ட வழியில்தான் செல்ல வேண்டும். இதனால் நிலத்தின் மதிப்பைவிட, கடன் வாங்குபவர் தவணையை ஒழுங்காகச் செலுத்துவாரா என்பதையே வங்கி முதலில் ஆராய்கிறது.

எங்கெங்கே பாக்கி ஒளிந்திருக்கும்?

‘நான் யாருக்கும் பாக்கி இல்லை’ என்று நம்பியிருப்பவருடைய அறிக்கையிலும் பாக்கி இருக்கக்கூடும். பெரும்பாலும் கீழ்க்கண்ட இடங்களில்தான் அது காணப்படும்.

1. பயிர்க்கடன்: குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன் இரண்டு பயிர்ப் பருவங்கள் தவணை கடந்தால் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் பயிருக்கு ஒரு பருவமே கெடு. விவசாயமல்லாத பிற தவணைக் கடன்களுக்கு 90 நாட்களே கெடு. ஒரே வங்கியில் ஒரு கடன் வாராக்கடனானால், அதே வங்கியில் உள்ள மற்றக் கடன்களும் பொதுவாக அவ்வாறே கருதப்படும்.

2. பிள்ளைகளின் கல்விக்கடன்: இதில் தந்தையோ தாயோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்டிருப்பார். மகன் வெளியூரில் வேலை தேடிக்கொண்டிருக்க, தவணை பாக்கி தந்தையின் அறிக்கையில் ஏறிக்கொண்டிருக்கும்.

3. ஜாமீன் கையெழுத்து: 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறப்படாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமமானது. உறவினருக்காக ஜாமீன் போட்டிருந்தால் அவருடைய கணக்கையும் விசாரிக்க வேண்டும்.

4. நகைக்கடன், குழுக்கடன், இருசக்கர வாகனக் கடன், கைப்பேசிக் கடன்: தொகை சிறிதாயினும் தாமதம் தாமதமாகவே பதியப்படும்.

5. தள்ளுபடியான கடன்: தமிழ்நாட்டில் 2006, 2016, 2021-ஆம் ஆண்டுகளில் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. 2008-இல் மத்திய அரசின் தள்ளுபடி வந்தது. தள்ளுபடி பெற்றவர்கள் கணக்கு முடிக்கப்பட்டதற்கான சான்றை வாங்கி வைத்திருக்க வேண்டும். இல்லையேல் பழைய பாக்கி ஏட்டில் நின்றுகொண்டிருக்கலாம்.

சீர் செய்யும் முறை

முதற்படி: கடன் மனு கொடுப்பதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு முன்பே அறிக்கையை வாங்கிப் பாருங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக அளிக்க வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. அவற்றின் இணையதளத்தில் இதனைப் பெறலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் உதவலாம்.

இரண்டாம் படி: பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, நிரந்தரக் கணக்கு எண், முகவரி ஆகியவற்றைச் சரிபாருங்கள். ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் உடையவர்கள் ஓர் ஊரிலேயே பலர் இருப்பார்கள். மற்றொருவருடைய கடன் நம் பெயரில் ஏறியிருக்கக்கூடும். பின்னர் ஒவ்வொரு கணக்கையும் பாஸ் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள்.

மூன்றாம் படி: தவறு இருந்தால் கடன் தகவல் நிறுவனத்துக்கும் சம்பந்தப்பட்ட வங்கிக்கும் எழுத்து மூலம் புகார் செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செலுத்திய ரசீதையும் பாக்கி இல்லாச் சான்றையும் நகலெடுத்து இணையுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு காணப்படாவிட்டால், அதற்குப் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் இழப்பீடு உண்டு. இவ்விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. பதில் திருப்தி அளிக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். வழிமுறையை 14448 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம்.

நான்காம் படி: உண்மையான பாக்கியைத் தீர்க்க வேண்டும். கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாதெனில், இன்று நடப்பில் உள்ள கணக்குகளின் தவணைப் பாக்கியை முதலில் நேர் செய்யுங்கள். வாராக்கடனான கணக்கில் ஓரளவு மட்டும் கட்டினால் போதாது. அசல், வட்டி ஆகிய இரண்டிலும் தவணை கடந்த பாக்கி முழுவதையும் செலுத்தினால்தான் கணக்கு மீண்டும் ஒழுங்கானதாக மாறும். சம்பா அறுவடைப் பணம் வந்தவுடன், வேறு செலவுக்கு முன் இதற்கென ஒதுக்குவது நன்று.

ஐந்தாம் படி: ‘ஒரே முறைத் தீர்வு’ என்று குறைந்த தொகையைக் கட்டி முடிக்கும்போது கவனம் தேவை. அது முழுமையாகக் கட்டி முடித்த கணக்காகப் பதியப்படாது. குறைத்துத் தீர்க்கப்பட்ட கணக்காகவே பதியப்படும். அடுத்த கடன் கொடுப்பவர் அதை ஐயத்துடனேயே பார்ப்பார். முழுத் தொகையும் கட்ட இயலுமாயின் அதுவே மேல். இயலாதபோது, பாக்கியை அப்படியே விட்டுவிடுவதைவிடத் தீர்வு செய்துகொள்வது நல்லது.

வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் அழிந்தால், அரசு பாதிப்பை அறிவித்தவுடன் வங்கியை அணுகுங்கள். பயிர்க்கடனை நீண்ட தவணைக் கடனாக மாற்றித் தர ரிசர்வ் வங்கியின் விதிகளில் இடமுண்டு. கெடு கடந்த பிறகு செல்வதைவிட முன்பே செல்வது பயன் தரும்.

நிலப் பத்திரத்தையும் பாருங்கள்

கடன் பதிவேட்டுடன் நிலப் பதிவேட்டையும் சீர் செய்ய வேண்டும். தந்தை காலத்தில் நிலவள வங்கியில் வாங்கிய கடன் தீர்ந்திருக்கும். ஆனால் அடமானம் நீங்கியதற்கான ரசீது ஆவணம் பதிவு செய்யப்படாததால், வில்லங்கச் சான்றில் அந்த ஈடு இன்னும் தொடரும். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைப் பார்த்து, இருந்தால் நீக்கிக்கொள்ளுங்கள். பட்டாவும் உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. 2023 டிசம்பர் முதல் இது அமலில் உள்ளது.

எச்சரிக்கை

பணம் கொடுத்தால் சிபில் மதிப்பெண்ணை உயர்த்தித் தருகிறோம் என்று கூறும் தரகர்களை நம்ப வேண்டாம். உண்மையான பாக்கியை ஏட்டிலிருந்து எவராலும் அழிக்க இயலாது. தவறான பதிவைத் திருத்த நீங்கள் நேரில் மனு செய்தாலே போதும். ஆதார் எண்ணையும் கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் பிறருக்குக் கொடுக்க வேண்டாம்.

இதுவரை கடனே வாங்காதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. முதன்முறை கடன் கேட்பவரின் மனுவை, முன் கடன் விவரம் இல்லை என்பதற்காக மட்டும் தள்ளக்கூடாது என ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. சிறு பயிர்க்கடன் ஒன்றை வாங்கிக் கெடுவுக்குள் கட்டி வந்தால் நற்பதிவு தானே உருவாகும். உரிய காலத்தில் கட்டுவோருக்குக் கூட்டுறவுப் பயிர்க்கடன் வட்டியின்றியே கிடைப்பதும் கூடுதல் ஆதாயம்.

விதைப்பதற்கு முன் மண்ணை ஆய்வு செய்வது போல், கடன் மனு கொடுப்பதற்கு முன் கடன் பதிவேட்டை ஆய்வு செய்வதும் இன்றியமையாதது. இந்த ஆண்டு அறுவடைக்குப் பின் மனு கொடுக்க எண்ணியுள்ள உழவர் பெருமக்கள், இப்போதே அறிக்கையை வாங்கிப் பார்த்துக் குறைகளை நீக்கிக்கொண்டு, குறைந்த வட்டியில் கடன் பெற்று நிலத்தையும் காத்துக்கொள்வார்களாக.