பேட்டரிக்குள்ள இருக்கிற ஃபாயிலை யாராவது கவனிச்சீங்களா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக முதல்முறை எலக்ட்ரோடு செய்தபோது கோட்டிங் பார்க்க அழகாகத்தான் இருந்தது. காயின் செல்லுக்காக வட்டமாக பஞ்ச் பண்ணியதும் ஓரமெல்லாம் உதிர்ந்து கொட்டியது. பைண்டர் அளவை மாற்றினோம், காயவைக்கும் நேரத்தை மாற்றினோம். இரண்டு வாரம் போச்சு. கடைசியில் பார்த்தால் பிரச்சினை கலவையில் இல்லை, அடியில் இருந்த அலுமினிய ஃபாயிலில்!

லித்தியம் அயான் செல்லில் கேத்தோடு பொருளை அலுமினிய ஃபாயில் மேலும், ஆனோடு பொருளை காப்பர் ஃபாயில் மேலும் பூசுவார்கள். அலுமினியம் சுமார் 15 மைக்ரான், காப்பர் 10 மைக்ரானுக்குப் பக்கம். தலைமுடியை விட மெல்லிசு. ஆனால் ஒவ்வொரு எலக்ட்ரானும் இதன் வழியாகத்தான் வெளியே போகணும்.

அலுமினிய ஃபாயிலில் இரண்டு சிக்கல். ஒன்று, உருட்டித் தட்டையாக்கும்போது ஒட்டிய எண்ணெய் மிச்சமிருக்கும். அது இருந்தால் கலவை சரியாகப் பிடிக்காது. இன்னொன்று, மேலே சில நானோமீட்டர் தடிமனில் இருக்கும் ஆக்சைடு படலம். அது மின்சாரத்தைக் கடத்தாது.

சரி, ஆக்சைடை சுரண்டி எடுத்துடலாமே? முடியாது. காற்று பட்டதும் திரும்ப வந்துடும். அதோட, எலக்ட்ரோலைட் ஃபாயிலை அரிக்காமல் காப்பதிலும் அதுக்குப் பங்கு இருக்கு. அதனால் வேறு வழிகள்:

1. கொரோனா ட்ரீட்மென்ட். வைரஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை! உயர் மின்னழுத்தத்தில் காற்றில் உண்டாகும் டிஸ்சார்ஜ், எண்ணெயை நீக்கி, கலவை நன்றாகப் பரவும்படி மேற்பரப்பை மாற்றும். ஆனால் நாள் ஆக ஆக பலன் குறையும். சீக்கிரம் பூசிடணும்.

2. எட்சிங். ரசாயனத்தால் நுண்ணிய பள்ளங்கள் உண்டாக்குவது. பிடிமானம் கூடும். அதிகமானால் ஃபாயிலே கிழியும்.

3. கார்பன் கோட்டிங். சுமார் ஒரு மைக்ரான் கார்பன் படலம். கேத்தோடு துகள்கள் ஃபாயிலைத் தொடும் இடங்கள் பெருகும், தொடு மின்தடை குறையும். தானே மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத எல்எஃப்பி கேத்தோடுக்கு இது ரொம்ப உதவும்.

இதனால் என்ன லாபம்? ஒரு கணக்கு போடுவோம். செல்லின் உள் மின்தடை 50 மில்லிஓம், மின்னோட்டம் 3 ஆம்பியர் என்றால் வெப்பமாக வீணாவது 0.45 வாட். மின்தடை 40 மில்லிஓம் ஆனால் 0.36 வாட். ஒரு செல்லுக்கு இது சின்ன எண். ஒரு பேக்கில் நூற்றுக்கணக்கான செல்கள் இருந்தால்? அதுவும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் ஏறுவதால், ஃபாஸ்ட் சார்ஜிங்கில்தான் வித்தியாசம் நல்லா தெரியும்.

காப்பர் பக்கம் கவலை வேற. சார்ஜ் ஆகும்போது கிராஃபைட் சுமார் 10% உப்பும், சிலிக்கான் மூன்று மடங்கு வரை. ஒவ்வொரு சைக்கிளும் கோட்டிங்கை ஃபாயிலிலிருந்து பிய்க்கப் பார்க்கும். அதனால் அங்கே சொரசொரப்பான மேற்பரப்பு தேவை.

எதுவும் இலவசம் இல்லை. கார்பன் படலம் எடையையும் செலவையும் கூட்டும், ஆனால் சார்ஜைச் சேமிக்காது.

நாங்கள் செய்தது சிம்பிள்: அசிட்டோனில் துடைத்தோம், பிறகு கார்பன் பூசிய ஃபாயிலுக்கு மாறினோம். உதிர்வது நின்றது.

ஜூனியர்ஸ், பேட்டரி ப்ராஜெக்ட் எடுத்தா முதல்ல ஃபாயில் மேல ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்க. முத்து மாதிரி உருண்டு நின்றால், கலவையைத் திட்டாதீங்க. ஃபாயிலைத் துடைங்க.